காற்றாலையை ஏற்றுமுன் கலிங்கைக் கட்டுங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சொந்தக் கையால் காற்றாலை செய்கிற, செய்ய நினைக்கிற தமிழ் நண்பர்களுக்கு. டிக்லிப்பூரிலிருந்து கேம்பல் பே வரை ஒயரிங் வேலை பார்ப்பவர்களுக்கும், மோட்டார் வைண்டிங் கடைக்காரர்களுக்கும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் இந்த மடல்.



காற்றாலை என்று பேச்செடுத்தால் நீங்கள் எதையெல்லாம் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இறக்கை எத்தனை அடி, காந்தம் எத்தனை, காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பம் எவ்வளவு உயரம், எத்தனை வாட் வரும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் ஜூலை மாதத்தில் ஓர் இரவு, இரண்டு மணிக்குப் பேட்டரி நிறைந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், வெளியே காற்று வலுத்துக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் இந்த இயந்திரம் கொடுக்கும் மின்சாரம் எங்கே போகும்? இந்தக் கேள்வி உங்கள் பேச்சில் வருவதே இல்லை. வந்தாலும், "கடைசியில் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் போட்டுக்கொள்ளலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. காற்றாலை செய்யக் கற்றுத்தரும் காணொளிகளும் குறிப்புகளும் இந்தக் குறையை வளர்த்துவிட்டன என்பது என் மனத்தாங்கல். இறக்கை செதுக்குவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கு அரை நிமிடம் கொடுப்பதில்லை. கட்டுப்பாட்டை முதலில் செய்யுங்கள், இயந்திரத்தை அதன் பிறகு செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆசையில் குறை காண நான் வரவில்லை. அது நியாயமான ஆசை. நம் தீவுகளுக்கு மெயின்லேண்டிலிருந்து மின்கம்பி கிடையாது. மக்கள் வாழும் தீவுகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்தந்தத் தீவின் டீசல் ஜெனரேட்டரிலிருந்துதான் வருகிறது. அந்த டீசல் ஒவ்வொரு லிட்டரும் கடல் கடந்து வர வேண்டும். டிக்லிப்பூர் பக்கம் 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் சொல்லும் ஸ்ரீ விஜயபுரத்தைச் சுற்றிச் சூரிய மின் நிலையங்கள் வந்திருக்கின்றன. ஆனால் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் வானம் மூடிக்கொள்கிறது, சோலார் தகடு சோர்ந்துபோகிறது. அதே மாதங்களில்தான் காற்று எழும்புகிறது. வெயிலில் சோலார், மழையில் காற்று என்று இரண்டையும் ஒரே பேட்டரியில் சேர்க்கும் எண்ணம் இந்த ஊரின் பருவத்தைப் பார்த்துப் பிறந்த எண்ணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ குழு எவ்வளவு பெரிய உதவி செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தகைய ரேடியோக்கள் ஓடுவது பேட்டரி மின்சாரத்தில். தனித்த தீவில் தன் கையிலேயே ஒரு மின் ஆதாரம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ரேடியோவின் கையேட்டைப் புரட்டுங்கள். பொதுவாக 13.8 வோல்ட், கூடக்குறைய 15 விழுக்காடு என்று போட்டிருக்கும். 16 வோல்ட்டைத் தொடும் பேட்டரி அதற்கு ஆபத்து. கட்டுப்படுத்தாத காற்றாலை அந்த எல்லையைத் தாண்டக்கூடியது.

முதலில் நம் காற்றைப் பற்றி உள்ளதை உள்ளபடி பேசுவோம். 2010-இல் வந்த இந்தியக் காற்று வரைபடம் இந்தத் தீவுகளுக்கு 50 மீட்டர் உயரத்தில் கணக்கிட்ட காற்று வளம் வெறும் 2 மெகாவாட். 80 மீட்டர் உயரத்தில் 365 மெகாவாட். காட்டையும் குன்றையும் தாண்டி மேலே போனால்தான் காற்று இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நீங்கள் நடப்போகும் கம்பம் பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஆண்டின் பெரும்பகுதி அங்கே கிடைப்பது மெல்லிய காற்று. அதைப் பிடிக்க வேண்டுமானால் இறக்கை வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், மெதுவான சுழற்சியிலேயே சார்ஜ் தொடங்கும்படி காயில் சுற்ற வேண்டும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. 2.4 மீட்டர் விட்டமுள்ள இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. கையால் செய்த இயந்திரத்தில் எல்லா இழப்பும் போகக் கால் பங்கு கிடைத்தால் நல்ல வேலை. அந்தக் கணக்கில் நொடிக்கு 3 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 18 வாட் கிடைக்கும், 5 மீட்டரில் 85 வாட், 10 மீட்டரில் 680 வாட். 12 வோல்ட் பேட்டரிக்குப் போகும் கரண்டாகச் சொன்னால் ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவிலிருந்து கிட்டத்தட்ட 48 ஆம்பியர் வரை. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று புயல் அல்ல. மழைக்கு முன் வீசும் சாதாரணச் சூறைதான். நம் வீடுகளில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை 15 ஆம்பியர் வாக்கில் சார்ஜ் செய்வதே வழக்கம். மெல்லிய காற்றுக்காக நீங்கள் செய்த இயந்திரம் சூறைக்காற்றில் அதன் மும்மடங்கைத் தள்ளும். சராசரிக் காற்று குறைவாக இருக்கிறது என்பதாலேயே, உங்களுக்குக் கட்டுப்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

"லாரியிலும் காரிலும் ஆல்டர்நேட்டர் இதே வேலையைத்தானே செய்கிறது, அங்கே இவ்வளவு பேச்சு இல்லையே" என்று வைண்டிங் கடைக்காரர்கள் கேட்கலாம். கார் ஆல்டர்நேட்டரின் உள்ளே இருப்பது நிலைக்காந்தம் அல்ல, கரண்டு கொடுத்து உண்டாக்கும் காந்தம். எஞ்சின் வேகம் ஏறினால் ரெகுலேட்டர் அந்தக் காந்தக் கரண்டைக் குறைத்துவிடும். மின்னழுத்தம் 14 வோல்ட் அருகிலேயே நிற்கும். நீங்கள் நியோடைமியம் காந்தத்தை இரும்புத் தட்டில் ஒட்டிச் செய்யும் இயந்திரத்தில் குறைப்பதற்கு எதுவுமே இல்லை. காந்தம் எப்போதும் முழு பலத்தோடு இருக்கும். மின்னழுத்தம் சுழற்சியோடு நேராக ஏறும். சரி, கார் ஆல்டர்நேட்டரையே கம்பத்தில் ஏற்றலாமா என்றால், அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் பயனுள்ள கரண்டு கொடுக்கும், அதன் காந்தத்துக்கே மின்சாரம் செலவாகும். நம் மெல்லிய காற்றுக்கு அது ஒத்துவராது. நிலைக்காந்தம்தான் சரியான தேர்வு. அதைத் தேர்ந்தெடுத்த உடனே, கட்டுப்பாட்டை இயந்திரத்துக்கு வெளியே வைக்கும் கடமை உங்கள் தலையில் வந்து விழுகிறது.

"பேட்டரியை மாட்டியதும் வோல்ட்டேஜ் 12, 13 என்று தானாக நின்றுவிடுகிறதே, பேட்டரியே ரெகுலேட்டர்தானே" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. மூன்று ஃபேஸ் மின்சாரம் டயோடு ரெக்டிஃபையர் வழியாகப் பேட்டரியில் சேரும்போது, பேட்டரி தன் மின்னழுத்தத்திலேயே இயந்திரத்தைப் பிடித்து வைக்கிறது. மிச்ச ஆற்றல் கரண்டாக மாறி உள்ளே போகிறது. பேட்டரியில் இடம் இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு ஓடும். லெட்-ஆசிட் பேட்டரி 14.4 வோல்ட்டை எட்டும்போது, உள்ளே வரும் மின்சாரம் தகட்டில் சேராமல் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. இதைக் கணக்காகவே பாருங்கள். நிறைந்த 12 வோல்ட் பேட்டரியில் திணிக்கும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஆறு செல்களிலும் சேர்த்து 2 கிராம் தண்ணீர் போய்விடும், ஏறத்தாழ 2.7 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். பருவக்காற்று இரவு முழுக்கச் சராசரியாக 20 ஆம்பியர் கொடுக்கிறது என்று வையுங்கள். அதற்கு நொடிக்கு ஏழெட்டு மீட்டர் காற்று போதும். பத்து மணி நேரத்தில் 400 மில்லிலிட்டர் தண்ணீர் போயிருக்கும். மணிக்கு 55 லிட்டர் ஹைட்ரஜன் அறைக்குள் வந்திருக்கும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டைத் தொட்டால் ஒரு பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். மழைச்சாரலுக்குப் பயந்து சன்னலை இறுக்கிச் சாத்திய, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம். காற்றோட்டம் அடியோடு இல்லையென்றால் எட்டு மணி நேரத்துக்குள் அந்த அளவு வந்துவிடும். அதே அறையில் ரிலே இருக்கிறது, சுவிட்சு இருக்கிறது. காலையில் பேட்டரி டாப்பில் ஆசிட் கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்கள், தகடு அரித்துக் கழிவதைப் பார்க்க முடியாது. அது உள்ளே நடக்கிறது.

அடுத்து, சோலாருக்கு வாங்கிய கண்ட்ரோலரையே காற்றாலைக்கும் மாட்டலாம் என்கிற எண்ணம். இந்த மடலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான், தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சோலார் கண்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் தகட்டின் இணைப்பைத் துண்டிக்கிறது. வெயிலில் சும்மா கிடந்தால் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. காற்றாலைக்கு அந்தத் துண்டிப்பு என்பது சுமை பறிபோவது. இறக்கையைப் பிடித்து வைத்திருந்தது பேட்டரிக்குப் போன கரண்டுதான். அது நின்றதும் இறக்கை கட்டவிழ்ந்து ஓடும். நிமிடத்துக்கு 140 சுற்றில் 12 வோல்ட் தரும்படி சுற்றிய இயந்திரம், சுமையிழந்து நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 700, 800 சுற்று ஓடினால் 60 முதல் 70 வோல்ட் வரை கொடுக்கும். 12 வோல்ட்டுக்கான கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் அதைத் தாங்காது. கருகினால்கூட அது சிறிய நஷ்டம். வேகம் மிஞ்சிய மர இறக்கை அதிர்ந்து பிளந்தால், எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முப்பந்தலில் நிற்கும் பெரிய காற்றாலைகளைப் பாருங்கள். மின்தொகுப்பு அறுந்த நொடியில் அவை இறக்கையைத் திருப்பியோ பிரேக்கைப் போட்டோ தங்களை நிறுத்திக்கொள்கின்றன. சுமையில்லாமல் சுழலும் இறக்கையை ஒரு பெரிய நிறுவனமும் நம்புவதில்லை; நீங்களும் நம்பாதீர்கள்.

அப்படியானால் வழி ஒன்றுதான். இயந்திரத்தைப் பேட்டரியிலிருந்து பிரிக்காமல், மிஞ்சுகிற மின்சாரத்தை வேறோர் இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஏரிக்கு மதகு மட்டும் வைத்துக் கரை கட்டிய ஊர் கிடையாது. நிறைந்தால் தானாக வழிய ஒரு கலிங்கு வைத்தார்கள், அதனால்தான் கரை நின்றது. டம்ப் லோடு என்று நீங்கள் சொல்லும் ஹீட்டர் சுருள்தான் உங்கள் பேட்டரியின் கலிங்கு. கண்ட்ரோலர் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; நாம் வைத்த அளவைத் தொட்டதும், மிஞ்சும் கரண்டை மட்டும் சுருளுக்கு அனுப்பும். இறக்கை எப்போதும் சுமையோடு இருக்கும், பேட்டரியும் பொங்காது. ரிலே வைத்துக் கலிங்கை 14.4-இல் திறந்து 13.5-இல் மூடும்படி செய்யலாம், எளிமையானது. ஆனால் 50 ஆம்பியர் டி.சி. கரண்டை அடிக்கடி அறுக்கும் தொடுமுனை தீய்ந்துபோகும், உப்புக்காற்றில் இன்னும் வேகமாக. மாஸ்ஃபெட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடும் பி.டபிள்யூ.எம். முறை மின்னழுத்தத்தை ஒரே இடத்தில் நிறுத்தும். அதைச் செய்ய உங்களில் பலருக்குக் கைத்திறன் இருக்கிறது; பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவைதாம். ரிலேயாவது இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

சுருளின் அளவில்தான் தவறு அதிகம் நடக்கக்கூடும் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். வீட்டில் கிடக்கும் 1000 வாட் இம்மர்ஷன் ஹீட்டரை மாட்டிவிட்டு ஆயிரம் வாட் கலிங்கு கட்டிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆயிரம் வாட் 230 வோல்ட்டுக்கு. அதன் தடை ஏறத்தாழ 53 ஓம், 14.4 வோல்ட்டில் அது எடுப்பது 4 வாட்கூட இல்லை. உங்களுக்கு வேண்டியது மிகக் குறைந்த தடை. 1.2 ஓம் நிக்ரோம் சுருள் ஒன்று 14.4 வோல்ட்டில் 12 ஆம்பியர் இழுக்கும். நான்கு சுருள்களை இணையாக வைத்தால் 48 ஆம்பியர், மேலே சொன்ன காற்றாலையின் 10 மீட்டர் காற்றுக்குச் சரிக்குச் சரி. அங்கே நிறுத்திவிடாதீர்கள், ஆறு சுருள் வையுங்கள். ஒன்று அறுந்தாலும், காற்று இன்னும் கொஞ்சம் வலுத்தாலும் மீதி தாங்கும். மாஸ்ஃபெட்டும் ஒயரும் அந்த 72 ஆம்பியரையும் தாங்க வேண்டும். சுருள்கள் சிவக்கச் சிவக்க ஓடக்கூடியவை; மரப்பலகையிலோ ஓலைச் சுவரிலோ பொருத்தாதீர்கள், பேட்டரி அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், ஹைட்ரஜன் கணக்கை மறக்க வேண்டாம்.

"அருமையாகக் கிடைத்த மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பதா?" இந்தக் கேள்வியில் ஒரு நல்ல மனம் இருக்கிறது, டீசல் விலை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி. ஆனால் சுருளுக்குப் போவது பேட்டரிக்குள் போக இடமில்லாத மின்சாரம். அது சுருளில் எரியாவிட்டால் பேட்டரியின் தண்ணீரை எரிக்கும். எப்படியும் உங்கள் விளக்குக்கு வராது. அந்த வெப்பத்தைப் பயன்படுத்துங்கள், தண்ணீரைச் சூடாக்குங்கள், தவறில்லை. கொப்பரை உலர்த்தலாம் என்றுகூட யோசிக்கலாம். அறுநூறு எழுநூறு வாட்டுக்கு, அதுவும் காற்றடிக்கும் நேரத்தில் மட்டும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: பயன்படுத்தும் சுருளை யாராவது கழற்றினாலும் அணைத்தாலும் வேலை செய்யும்படி, எவர் கையும் படாத இன்னொரு சுருள் தொகுதி எப்போதும் காவலுக்கு இருக்க வேண்டும். அதில் சுவிட்சு வேண்டாம்.

இணைப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். கண்ட்ரோலர் மின்னழுத்தத்தை அளக்கும் மெல்லிய ஒயர் நேராகப் பேட்டரி முனையிலிருந்து வர வேண்டும். காற்றாலையிலிருந்து வரும் தடித்த ஒயரின் நடுவில் அளந்தால், இடையில் விழும் மின்னழுத்தமும் சேர்ந்து பொய்க் கணக்கு சொல்லும். முனையில் பச்சை பூத்தால் இந்தப் பொய் நாளுக்கு நாள் பெருகும். கடலோரத்தில் அது பூக்கத்தான் செய்யும், வாஸ்லின் தடவி மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். காற்றாலைக்கும் பேட்டரிக்கும் நடுவே சும்மா திறந்து மூடும் சுவிட்சு வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து எடுக்கும்போதே மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று சேர்த்து இறக்கையைப் பிடித்து நிறுத்தும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சு வையுங்கள். அந்தப் பிரேக்கைக் காற்று அடங்கியிருக்கும்போது போட வேண்டும், சூறைக்காற்றில் போட்டால் காயில் கருகலாம். சூறைக்காற்றில் இறக்கையைப் பக்கவாட்டில் திருப்பி விலக்குவது சாய்வான கீலில் தொங்கும் வாலின் வேலை. அதைச் செய்யாமல் விடுகிற இயந்திரத்துக்கு எந்தக் கண்ட்ரோலரும் துணைக்கு வராது. வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கம்பெனிகள் தரும் 14.4 என்ற அளவு 25 டிகிரி வெப்பத்துக்கானது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 4 மில்லிவோல்ட் வாக்கில் குறைக்க வேண்டும். நம் பேட்டரி அறையில் 35 டிகிரி இருந்தால் ஆறு செல்லுக்கும் சேர்த்துக் கால் வோல்ட் குறையும். ஆகவே 14.4 அல்ல, 14.15 அருகில் வையுங்கள். குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்து இங்கே வைப்பது பேட்டரியை மெல்லச் சாகடிக்கும்.

லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டவர்கள் "எங்களுக்கு பி.எம்.எஸ். இருக்கிறது, கவலையில்லை" என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் கவலை அதிகம் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தொட்டால் பி.எம்.எஸ். மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும். செல்லைக் காக்க அது செய்வது சரிதான். ஆனால் அந்த நொடியில் காற்றாலை சுமையிழக்கிறது, எழும்பும் 60, 70 வோல்ட் அதே கம்பியில் இருக்கும் உங்கள் இன்வெர்ட்டருக்கும் விளக்குக்கும் ரேடியோவுக்கும் போகிறது. எனவே டம்ப் லோடு 14 வோல்ட் அருகிலேயே வேலை செய்யத் தொடங்க வேண்டும், பி.எம்.எஸ். கைவைக்கும் நிலையே வரக்கூடாது. அது வந்துவிட்டால் என்ன என்பதற்கும் பேட்டரியை நம்பாத ஒரு தனி ஏற்பாடு வேண்டும்: மின்னழுத்தம் மிஞ்சினால் தானாகவே காற்றாலையைச் சுருளோடு சேர்க்கும் ரிலே. காசு போட்டு வாங்கிய பேட்டரி என்பதால் காற்றாலை அதற்குப் பணிந்து நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கண்ட்ரோலர் இல்லாமலேயே நான்கு மாதமாக நன்றாகத்தான் ஓடுகிறது" என்பார்கள். எந்த நான்கு மாதம் என்று பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடல் அடங்கியிருக்கும் காலம். அப்போது பேட்டரி நிறைவதே அபூர்வம். அந்த மாதங்களில் நடப்பது வேறு தீங்கு: பேட்டரி பாதிச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்து தகட்டில் சல்ஃபேட் படிகிறது. மேல் எல்லையைக் காக்கும் கண்ட்ரோலரால் அதைத் தடுக்க முடியாது; அதற்குச் சோலார் தகடு கூடவே இருக்க வேண்டும், பேட்டரி இறங்கினால் விளக்கை அணைக்கும் லோ-வோல்ட்டேஜ் கட்-ஆஃப் வேண்டும். மே இறுதியில் பருவம் மாறும்போதுதான் உங்கள் இயந்திரத்துக்கு உண்மையான சோதனை. அந்தச் சோதனை நள்ளிரவில் வரும், பெரும்பாலும் நீங்கள் வீட்டில் இல்லாத நாளில்.

விலையைப் பற்றி நீளமாகப் பேச எதுவுமில்லை. மாஸ்ஃபெட், சுருள், மீட்டர் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டியூபுலர் பேட்டரியின் விலைக்கு அருகில் வராது. அந்தப் பேட்டரி மூன்று நாள் கப்பலில் வருகிறது. செத்துப்போனால் அதைக் கண்ட இடத்தில் எறியவும் முடியாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஈயமும் ஆசிடும் நம் கிணற்றோரத்தில் கசிந்தால் அதைக் கழுவ வழியில்லை.

இன்னும் கடினமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது: சோலார் மலிந்துவிட்ட காலத்தில் கையால் காற்றாலை எதற்கு? இதற்கு நேர்மையான பதில், எல்லோருக்கும் தேவையில்லை என்பதே. சுற்றிலும் உயர்ந்த மரம் நிற்கும் வீட்டுக்கு, குன்றின் மறைவில் இருக்கும் குடியிருப்புக்கு வேண்டாம். அங்கே அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சோலார் தகடு வாங்குங்கள். திறந்த கடற்கரையிலோ மேட்டிலோ இருப்பவர்களுக்கும், பருவமழை மாதங்களில் ரேடியோவும் விளக்கும் அணையக்கூடாதவர்களுக்கும் மட்டுமே இது பயன். அவர்களிலும் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பெரிய இடங்களைப் பாருங்கள்: இங்கே என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தபோது கூடவே 8 மெகாவாட்-மணி பேட்டரித் தொகுதியையும் சேர்த்தது. ஏறி இறங்கும் மின்சாரத்தைச் சமன் செய்யாமல் ஒரு சிறிய தீவுத் தொகுப்பில் கொட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அளவு சிறியது என்பதால் உங்களுக்கு அந்த விதி மாறாது.

கையால் செய்தது என்பதால் கட்டுப்பாடு தளரலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு, இந்தத் தொழிலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். நீங்கள் செய்யும் தட்டுக் காந்த இயந்திரத்தின் வடிவம் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் ஹியூ பிகாட் வகுத்தது. அவர் வாழும் ஸ்கோரைக் சாலை போய்ச் சேராத ஒரு தீபகற்பம். படகிலோ நடந்தோதான் போக முடியும், அரசு மின்கம்பி கிடையாது. நம் தீவுகளைப் போன்ற தனிமையில் பிறந்த அந்த வடிவத்தில், விலகித் திரும்பும் வாலும் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கும் சுமையும் பிரிக்க முடியாத பாகங்கள். அதே மரபில் இலங்கையில் ஐ.டி.டி.ஜி. அமைப்பு கிராம வீடுகளின் பேட்டரிகளுக்காகச் சிறு காற்றாலைகளைக் கொண்டுபோனது. ஆரோவில்லில் மின்வாயு குழு கையால் செய்யும் பயிற்சியைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடத்தியது. மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பா 2002-இல் சைக்கிள் டைனமோவை வைத்துச் செய்த முதல் காற்றாலையை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அது சிறு விளக்குகளுக்குப் போதுமான சில வாட் இயந்திரம். நீங்கள் செய்யப்போவது அதைவிடப் பல மடங்கு பெரியது. அவருடைய துணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள், அளவுக்கேற்ற பாதுகாப்பையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. கம்பம் நடுவதற்கு முன், கண்ட்ரோலரையும் சுருளையும் பேட்டரியோடு தரையிலேயே இணைத்துச் சோதியுங்கள். ஒரு சாதாரண பேட்டரி சார்ஜரை மாட்டி மின்னழுத்தத்தை ஏற்றுங்கள். நீங்கள் வைத்த அளவில் சுருள் சூடாகிறதா, மீட்டர் அங்கேயே நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு சுருளைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். பிரேக் சுவிட்சைப் போட்டு இறக்கைத் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள், இறுகிப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத எதையும் மேலே ஏற்றாதீர்கள். வைண்டிங் கடைக்காரர்களே, காயில் சுற்றித் தரும்போது டம்ப் லோடு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போகட்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களே, மாணவர் செய்துகாட்டும் காற்றாலைக்கு எத்தனை வாட் என்று மதிப்பெண் போடுவதற்கு முன், பேட்டரி நிறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டு அதற்கு மதிப்பெண் போடுங்கள். ஏற்கெனவே காற்றாலை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களே, உங்கள் இணைப்பின் படத்தையும் நிறுத்தும் முறையையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மொழியில், தமிழிலும் இந்தியிலும், பேட்டரி அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் இல்லாத இரவில் வீட்டிலிருக்கும் அம்மாவோ பிள்ளையோ அதைப் படித்துச் செய்ய முடிய வேண்டும். கலிங்கு இல்லாமல் ஓடும் காற்றாலை உங்களிடம் இருந்தால், மே மாதக் காற்று எழும்புவதற்கு முன், காற்று அடங்கிய ஒரு காலையில் அதன் மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கட்டி நிறுத்தி வையுங்கள். டம்ப் லோடு தயாரான பிறகு மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.